துங்கநாத்துக்கு அரை நாள் போதாது

எனக்கு 63 வயது. என்னோடு வந்த நாத்தனாருக்கு 60. இருவரும் கும்பகோணத்துக்காரர்கள்; பிறந்ததிலிருந்து கண்ணில் பட்டதெல்லாம் வயலும் வாய்க்காலும்தான். எங்கள் பக்கத்தில் மலை என்று பெயர் பெற்ற ஒரே இடம் சுவாமிமலை. அதுவும் கட்டுமலை, தமிழ் வருடங்களின் கணக்குக்கு 60 படிகள். அந்தப் படிகளில் பழகிய கால்களோடு, உத்தரகண்ட் இமயமலையில், கடல் மட்டத்திலிருந்து 3,680 மீட்டர் உயரத்தில் இருக்கும் துங்கநாதர் கோயிலுக்கு நடந்தே ஏறி நடந்தே இறங்கி வந்திருக்கிறோம். எங்களைப் போன்றவர்கள் போகலாமா என்று தெரிந்தவர்கள் பலர் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். போகலாம். ஆனால் பயண ஏற்பாட்டாளர்கள் அச்சடித்துத் தரும் நேரக் கணக்கை நம்பிப் போகாதீர்கள்.

உண்மையில் நாங்கள் போக நினைத்தது கேதார்நாத்துக்கு. நாத்தனாரின் கணவர் தேவாரம் படித்தவர். ஓய்வு பெற்ற பிறகு இருவருமாகத் திருக்கேதாரம் போவது என்று பேசி வைத்திருந்தார்கள். அவர் மூன்று வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார். கௌரிகுண்டத்திலிருந்து 16 கிலோமீட்டருக்கு மேல் நடை, அந்தக் கூட்டம், வரிசை எல்லாவற்றையும் விசாரித்த பிறகு நாத்தனாரே சொன்னாள்: "அண்ணி, அஞ்சு கேதாரத்தில் ஏதாவது ஒன்றைப் பார்த்தால் போதும். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்." அப்படித்தான் துங்கநாத் முடிவாயிற்று. பஞ்ச கேதாரங்கள் என்னும் ஐந்து சிவத்தலங்களில் மிக உயரத்தில் இருப்பது இதுதான்; ஆனால் சோப்தா என்ற இடம் வரை வண்டி போகும், அங்கிருந்து நடை நான்கு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். உயரம் அதிகம், தூரம் குறைவு. எங்கள் வயதுக்கு இந்தக் கணக்கு ஒத்துவந்தது.

எங்கள் ஊரில் ஒருவர் வடநாட்டு யாத்திரைகளுக்கு ஏற்பாடு செய்து தருகிறார். அவர் தந்த தாளில் துங்கநாத்துக்கு ஒதுக்கியிருந்த நேரம் இதுதான்: காலை 8 மணிக்குச் சோப்தா, 12 மணிக்குள் தரிசனம் முடித்துக் கீழே, உடனே பத்ரிநாத் நோக்கிப் பயணம். நான்கு மணி நேரம். அதைப் பணம் கட்டும்போதே நான் கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எங்களோடு அதே தாளை வைத்துக்கொண்டு வந்த மற்ற ஆறு பேரில் நான்கு பேர் பாதி வழியில் நேரமாகிவிட்டது என்று திரும்பிவிட்டார்கள். அவர்களில் ஒரு அம்மாள் கோயில் கொடி கண்ணுக்குத் தெரிந்த திருப்பத்தில் நின்று கைகூப்பிவிட்டு இறங்கிப் போனார். அந்தக் காட்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வந்தவரை இன்னும் ஒரு மணி நேரம் இல்லாமல் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டுக்கு யாத்திரை என்று பெயர் வைக்கக்கூடாது.

நாங்கள் இருவர் மட்டும் முதல் நாளே பிரிந்துகொண்டோம். பத்ரிநாத் வேண்டாம், அதற்குப் பதில் சோப்தாவில் இரண்டு இரவு தங்குகிறோம் என்று சொல்லிவிட்டோம். கட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. போகட்டும், செலவழித்ததிலேயே நல்ல செலவு அந்த இரண்டு இரவுதான்.

வழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹரித்வாரிலிருந்து ஊகிமட் வரை ஒரு முழுப் பகல் வண்டியில் உட்கார வேண்டியிருக்கிறது. தேவப்ரயாகையில் பாகீரதியும் அலகநந்தாவும் கூடுகின்றன. கங்கை என்ற பெயர் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு நீரும் இரண்டு நிறத்தில் வந்து, கொஞ்ச தூரம் ஒட்டாமல் ஓடிப் பிறகு ஒன்றாவதைப் படித்துறையில் நின்று பார்க்கலாம். அங்கே இருக்கும் ரகுநாதர் கோயில்தான் பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர். ஓட்டுநர் தேநீருக்கு நிறுத்துவார். அந்த நேரத்தில் ஓடிப்போய்ச் சேவித்துவிடுங்கள். ருத்ரப்ரயாகையில் அலகநந்தாவை விட்டு மந்தாகினிக் கரையோடு திரும்பினால் சிறிது நேரத்தில் அகஸ்தியமுனி என்ற ஊர் வருகிறது. பெயர்ப்பலகையைப் பார்த்ததும் நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பொதிகைக்குப் புறப்படுவதற்கு முன் நம் அகத்தியர் இருந்த வீட்டு வாசலைக் கடந்துபோவதுபோல் இருந்தது.

ஊகிமட்டில் முதல் இரவு. அங்கே ஓங்காரேஸ்வரர் கோயில் இருக்கிறது. குளிர்காலத்தில் கேதார்நாத்தின் உற்சவமூர்த்தி வந்து தங்குவது அங்கேதான். கேதாரம் போக முடியாத நாத்தனார் அந்தக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து சம்பந்தரின் திருக்கேதாரப் பதிகத்தை முழுதாகப் பாடினாள். சம்பந்தரும் கேதாரம் வந்து பாடவில்லை. காளத்தியில் நின்று வடநாட்டுத் தலங்களைப் பாடினார் என்பதுதான் பெரிய புராணம் சொல்லும் வரலாறு. "அவரே தூரத்திலிருந்துதான் பாடினார் அண்ணி, எனக்கென்ன குறை" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை.

மறுநாள் சோப்தா. உயரம் ஏறக்குறைய 2,700 மீட்டர். சமதரையில் இருந்து வருகிறவர்கள் ஊகிமட்டில் ஒன்று, சோப்தாவில் ஒன்று என்று இரண்டு இரவாவது தங்கிவிட்டு ஏறுவது உடம்புக்கு நல்லது. அன்று மாலை எனக்கு லேசான தலைவலி இருந்தது. நிறையத் தண்ணீர் குடித்து, சீக்கிரம் படுத்து, காலையில் சரியாயிற்று. நேராக வந்து அன்றே ஏறியிருந்தால் அந்தத் தலைவலி மலைமேல் என்னவாகியிருக்கும் என்று தெரியாது. அந்த இடம் கேதார்நாத் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருப்பதால் பெரிய கட்டடங்கள் இல்லை. நாங்கள் தங்கிய விடுதியில் சூரிய மின்சாரம். இரவு ஒன்பது மணிக்கு மேல் விளக்கு மங்கிவிடும். வெந்நீர் ஒரு வாளி கணக்கில் தருவார்கள். ரொட்டி, ராஜ்மா, சோறு, உருளைக்கிழங்கு. சாம்பாரை நினைக்காதீர்கள், ஒரு டப்பா பருப்புப்பொடியும் ஊறுகாயும் எடுத்துப்போனால் பிழைத்துக்கொள்ளலாம்.

இனி ஏற்றம்.

காலை ஆறே முக்காலுக்குப் புறப்பட்டோம். அக்டோபர் நடு வாரம். பாதையோரக் குட்டைகளில் நீர் கண்ணாடிபோல் உறைந்திருந்தது. பாதை முழுக்கக் கல் பாவியிருக்கிறது. வழி தவற வாய்ப்பே இல்லை. படிக்கட்டாக இல்லாமல் சரிவாக வளைந்து வளைந்து ஏறுவதால் முழங்காலுக்குப் படியைவிட இது இதம். நம் ஊர் மலைக்கோயில்களில் ஒவ்வொரு படிக்கும் முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். இங்கே அந்த வேலை இல்லை. ஆனால் காற்று மெலிதாக இருக்கிறது. 50 அடி நடந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நின்றால் அரை நிமிடத்தில் அடங்கிவிடும். ஆகவே நாங்கள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம்: 50 அடி நடை, 20 மூச்சு ஓய்வு. இளைஞர்கள் இரண்டு மணி நேரத்தில் ஏறும் பாதையில் எங்களுக்கு நான்கு மணி நேரம் ஆயிற்று. குறுக்குப் பாதையில் ஏறி நேரத்தை மிச்சப்படுத்த முயலாதீர்கள். அங்கே மண் சரிகிறது, புல்லும் அழிகிறது.

முதல் ஒரு மணி நேரம் மரங்களுக்கு நடுவே. ஓக் மரங்களும் புராஞ்ச் மரங்களும். புராஞ்ச் என்பது மார்ச், ஏப்ரலில் செக்கச்செவேலென்று பூக்கும் மரம். உத்தரகண்டின் மாநில மரம். நாங்கள் போனபோது பூ இல்லை. கடைகளில் அதன் சாறு கிடைத்தது, லேசான புளிப்பும் இனிப்பும். பிறகு மரங்கள் நின்றுவிட்டன. புக்யால் என்று அவர்கள் சொல்லும் புல்வெளி திறந்தது. அக்டோபரில் அது பச்சை மாறித் தவிட்டு நிறத்தில் இருந்தது. திரும்பிப் பார்த்தால் சௌகம்பா, 7,138 மீட்டர், நான்கு தூண்களாக வெள்ளை வெளேரென்று. அதைப் பார்த்த நேரம் நாங்கள் 20 மூச்சைத் தாண்டி அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டோம். அங்கே மோனால் பறவை ஒன்று சரிவில் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தது. மயில் கழுத்தின் நிறங்களை உடம்பு முழுக்கப் பூசியதுபோல் ஒரு கோழி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக ஏறியவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை.

வழியில் கல்லும் தகரமுமாகத் தேநீர்க் கடைகள். மேலே போகப் போக விலை ஏறுகிறது. அதைக் குறை சொல்லமாட்டேன். சர்க்கரையும் பாலும் எரிவாயுவும் கோவேறு கழுதை முதுகில்தான் அங்கே வருகின்றன. இரண்டாவது கடையில் ஒரு பெண்மணி நாத்தனாரின் கைகளைப் பிடித்துப் பார்த்து, சில்லிட்டிருக்கிறது என்று அடுப்புப் பக்கம் இழுத்து உட்காரவைத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு இந்தி அரைகுறை. கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் பற்றி மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நடக்கவே முடியாதவர்களுக்கு அவை தேவைதான். ஆனால் நாங்கள் பார்த்த ஒரு பிராணி முதுகில் புண்ணோடு, கனத்த ஆள் ஒருவரைச் சுமந்து ஏறிக்கொண்டிருந்தது. நிற்கும்போதெல்லாம் அடி விழுந்தது. நாத்தனார் குறுக்கே போய் நின்று சத்தம் போட்டாள், தமிழில். அந்த மனிதர் இறங்கி நடந்தார். ஏறுவதற்கு முன் பிராணியின் முதுகையும் கால்களையும் பாருங்கள். புண் இருந்தால் மறுத்துவிடுங்கள். சாணம் கிடக்கும் இடங்களில் கல் வழுக்குகிறது, இறங்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். பெண்களுக்கு இன்னொரு விஷயம்: வழியில் கழிப்பறை வசதி மிகக் குறைவு. சோப்தாவிலேயே முடித்துக்கொண்டு புறப்படுங்கள். மிட்டாய் உறையும் தண்ணீர் பாட்டிலும் பல இடங்களில் புல்லில் கிடந்தன. எங்கள் துணிப்பையில் இடம் இருந்தவரை பொறுக்கிக்கொண்டு வந்தோம்.

பத்தே முக்காலுக்குக் கோயில் வாசல்.

நம் ஊர்க் கோயில்களைப் பார்த்த கண்ணுக்கு இது மிகச் சிறியது. கோபுரம், பிராகாரம், தூண்கள் நிறைந்த மண்டபம் எதையும் எதிர்பார்க்கக்கூடாது. சாம்பல் நிறக் கல்லை அடுக்கி எழுப்பிய விமானம், உச்சியில் மரக் கூரை, எதிரே நந்தி, சுற்றிலும் சின்னச் சின்னச் சன்னதிகள். பின்னால் மலை முகடு. அவ்வளவுதான். பாண்டவர்கள் போர்ப் பாவம் தீரச் சிவனைத் தேடி வந்தபோது அவர் எருதாகி மண்ணுக்குள் மறைந்தார். திமில் கேதார்நாத்திலும், கைகள் துங்கநாத்திலும், முகம் ருத்ரநாத்திலும், நாபி மத்யமகேஸ்வரிலும், சடை கல்பேஸ்வரிலும் வெளிப்பட்டன என்பது தல வரலாறு. கோயில் ஐந்தாறு பாகை சாய்ந்திருக்கிறது என்று தொல்லியல் துறை ஆராய்ந்து சொன்ன செய்தி சில ஆண்டுகளுக்கு முன் வந்தது. வெறும் கண்ணுக்கு எனக்கு அது புலப்படவில்லை. ஆனால் அந்தக் கல்லைத் தொட்டபோது, ஒவ்வொரு வருடமும் பாதி நாள் பனிக்குள் புதைந்து கிடக்கும் கட்டடம் இது என்ற நினைவு வந்தது. இதைக் காப்பாற்ற நிபுணர்கள் உடனே வரவேண்டும்.

வரிசை இல்லை. எங்களுக்கு முன் எட்டுப் பேர் இருந்தார்கள். சிறப்பு தரிசன டிக்கெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. குனிந்து உள்ளே போனால், நடுவில் ஒரு சாய்ந்த கரும்பாறை, ஓரடி உயரம் இருக்கும். அதுதான் சுயம்பு; அதுதான் சிவனின் கை. மற்ற நான்கு கேதாரங்களின் வெள்ளித் தகடுகளும் அங்கே இருக்கின்றன. அர்ச்சகர் கீழே உள்ள மக்குமட் கிராமத்தைச் சேர்ந்தவர். கேதார்நாத்தில் கர்நாடகத்து வீரசைவர் ராவல் என்னும் தலைமை அர்ச்சகராகவும் பத்ரிநாத்தில் கேரளத்து நம்பூதிரி ராவலாகவும் இருக்கிறார்கள். இங்கே தலைமுறை தலைமுறையாக அந்த மலைக் கிராமத்தாரே பூசை செய்கிறார்கள். அதனாலோ என்னவோ, ஒரு வீட்டுக்குள் போனதுபோல் இருந்தது. உட்காருங்கள் என்றார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். கும்பகோணம் என்றால் அவருக்குப் புரியவில்லை. தஞ்சாவூர் என்றதும் முகம் மலர்ந்தது.

அங்கே நம்மூர் மாதிரி விபூதி தருவதில்லை; நெற்றியில் சந்தனம் இடுகிறார்கள். நாத்தனார் கும்பேசுவரர் கோயில் விபூதியைப் பொட்டலமாகக் கொண்டுவந்திருந்தாள். வீட்டில் அவள் கணவரின் சம்புடத்தில் மிச்சமிருந்தது அது. அர்ச்சகரிடம் நீட்டினாள். என்னவென்று கேட்கவில்லை அவர். பிரித்து, பாறையின் மேல் மூன்று விரலால் இட்டு, மீதியைத் திருப்பித் தந்தார். அவள் பாட ஆரம்பித்தாள். துங்கநாத் பாடல் பெற்ற தலம் கிடையாது. கேதாரப் பதிகத்தைத்தான் மறுபடியும் பாடினாள். அந்த உயரத்தில் மூச்சு போதவில்லை. ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, மூச்சு வாங்கி, அடுத்த வரி. பின்னால் வந்த வங்காளிக் குடும்பம் வாசலிலேயே காத்து நின்றது. சீக்கிரம் என்று ஒரு சொல் யாரும் சொல்லவில்லை. பதினைந்து நிமிடம் இருக்கும். என் வாழ்நாளில் எந்தக் கருவறைக்கு எதிரேயும் பதினைந்து நிமிடம் உட்கார்ந்ததில்லை.

வெளியே வந்ததும் தரை சுட்டது, குளிரால். காலணியைக் கழற்றிவிட்டுக் கல்லில் நிற்பது கடினம். கம்பளிக் காலுறையோடு உள்ளே போனவர்களை யாரும் தடுக்கவில்லை. நாங்களும் அப்படித்தான் போனோம், ஒரு ஜோடி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் ஏறினால் சந்திரசிலா உச்சி, ஏறக்குறைய 4,000 மீட்டர். நந்தாதேவி, திரிசூல் எல்லாம் அங்கிருந்து தெரியும் என்றார்கள். நான் போகவில்லை. நாத்தனார் நூறடி போய்விட்டுத் திரும்பி வந்தாள். அவளுக்குப் பார்க்க வேண்டியது முடிந்துவிட்டது.

இறங்க மூன்று மணி நேரம். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்கால் வலிக்கும்; சோப்தாக் கடைகளில் கிடைக்கும் மூங்கில் தடி ஆளுக்கொன்று கட்டாயம். பிற்பகலில் மேகம் ஏறிவந்து பாதையை மூடிவிட்டது, தூறலும் போட்டது. மதியத்துக்குப் பிறகு ஏற ஆரம்பித்த சிலரைக் கடைக்காரர்களே திருப்பி அனுப்பினார்கள். அதிகாலையில் புறப்படச் சொல்வது இதற்காகத்தான்.

கோயில் நடை ஏப்ரல் கடைசி அல்லது மே மாதத்தில் திறந்து, தீபாவளியை ஒட்டிச் சாத்தப்படுகிறது. நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பத்ரி-கேதார் கோயில் குழுவின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். நடை சாத்தியதும் உற்சவமூர்த்தியைப் பல்லக்கில் வைத்து, மேளதாளத்தோடு மக்குமட் கிராமத்துக்கு எடுத்துப் போகிறார்கள். பனிக்காலம் முழுக்கப் பூசை அங்கேதான்.

இதை நான் தெரிந்துகொண்டது மலையேற முடியாத என் அக்காவுக்காக. அவளுக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆனவள். மக்குமட் வரை வண்டி போகும் என்று அர்ச்சகர் சொன்னார். வரும் ஜனவரியில் அவளை அழைத்துக்கொண்டு போகிறேன். நாத்தனாரும் வருகிறாள், பொட்டலத்தில் இன்னும் கொஞ்சம் விபூதி மிச்சம் இருக்கிறதாம்.